சேவூரில் அந்த ஃபைல் இருக்கிறதா

திருப்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மூன்றாவது மாடியில் இருந்த எங்கள் அறை மட்டும் எப்போதும் குளிர்ந்து கிடக்கும். கீழ்த்தளங்களில் தையல் மெஷின்கள் ஓடும். அந்த அதிர்வு சுவர் வழியாக ஏறி வந்து, மேஜையில் வைத்த தண்ணீர் டம்ளரில் சின்ன வட்டங்களாகத் தெரியும். யாராவது கதவைத் திறந்தால் பனியன் துணியின் பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மிதந்து உள்ளே வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏ.சி. சத்தத்தில் உட்கார்ந்திருந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று தெரியாத ஒரு நிலை வரும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் என் பகல்களில் பாதி அந்த நிலையிலேயே கழிந்தன.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் நான். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, பிழைப்புக்காக முன்பே திருப்பூர் வந்துவிட்ட அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வேலை மார்க்கர் போடுவது. ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள், கழுத்துப் பட்டை இவற்றையெல்லாம் துணி வீணாகாமல் எப்படி நெருக்கி அடுக்கலாம் என்று திரையில் வரைந்து பார்ப்போம். சின்ன வீட்டில் விருந்தாளிகள் வந்துவிட்டால் எல்லோரும் காலை மடக்கி, தலையை மாற்றிப் போட்டு ஒரே பாயில் படுத்துக்கொள்வார்களே, அந்தத் துண்டுகளும் அப்படித்தான் படுத்திருக்கும். அந்தப் படத்துக்குத்தான் மார்க்கர் என்று பெயர்.

துணி வெட்டுவது எங்கள் கட்டடத்தில் இல்லை. அவிநாசியைத் தாண்டிச் சேவூரில் இருந்த எங்கள் யூனிட்டில் வெட்டினார்கள். நான் போட்ட மார்க்கரை ஃபைலாக அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்புவேன். அங்கே பிளாட்டர் என்ற பெரிய மெஷின் அதைப் பாய் அகலக் காகிதத்தில் அச்சடித்துத் தரும். அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் அந்தக் காகிதத்தைப் போட்டு, கோட்டின் மேலேயே வெட்டுவார்கள். இரண்டு ஊர்களிலும் இருந்தது லினக்ஸ் கம்ப்யூட்டர். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து பொருத்திவிட்டு, அவசரமாக எதையோ விளக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் விட்டுப்போனது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும்.

ஃபைலை அனுப்பியதும் நான் சேவூருக்குப் போன் செய்வேன். எடுப்பது ஒரு பெண். அந்த ஊர்க்காரர். பிளாட்டரும் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பில் இருந்தன.

"அக்கா, ஃபைல் வந்துட்டா, பாத்துச் சொல்லுங்களேன்" என்பேன்.

"இருங்க கண்ணு, பாக்கறனுங்க."

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு அவர் நடந்து போவது, நாற்காலியை இழுப்பது, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது. தொலைவில் மயில் அகவும். தகரத்தில் மழைத் தூறல் விழுவதும் சில நாள் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த அறையை நான் பார்த்ததில்லை. ஆனால் பச்சை வண்ணம் அடித்த ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஈரமான செம்மண், சோளக்காடு என்று எனக்குள் ஒரு படம் இருந்தது. அவருக்கு ஐம்பது வயது என்றும், கொஞ்சம் பருமன் என்றும், கொண்டையில் எப்போதும் கனகாம்பரம் என்றும் நானே முடிவு செய்திருந்தேன்.

அவர் திரும்பி வந்து ரிசீவரை எடுப்பார்.

"இருக்குதுங்க கண்ணு."

அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் உடம்பில் ஏதோ ஒன்று தளரும். காலையில் ஏழெட்டுத் தடவை, மதியத்துக்கு மேல் ஏழெட்டுத் தடவை அதைக் கேட்டேன். வந்துவிட்டதா என்பதை 'வந்துட்டா' என்னும் என் ஊர்ப் பேச்சு அவருக்குச் சிரிப்பாக இருக்கும்; பெண் யாரோ வந்துவிட்டாள் என்பதுபோல் கேட்குமாம். "வந்துட்டான்னா ஆரு கண்ணு வந்துட்டது?" என்று கேட்பார். ஒரு வருடம் இப்படியே போனது. நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

பிறகு அந்த மஞ்சள் டி-ஷர்ட் வந்தது.

குழந்தைகளுக்கான ஆர்டர். பழுத்த மாம்பழத்தின் மஞ்சள். கடைசி நேரத்தில் அளவு மாறியதால் மார்க்கரை மறுபடி போட்டு, மதியம் அனுப்பத் தொடங்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து போன் செய்தேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வழக்கம்போல "இருக்குதுங்க கண்ணு" என்றார். அன்று மாலையே காகிதம் அச்சாகி, துணி வெட்டப்பட்டது.

இரண்டு நாள் கழித்துத் தையலுக்கு வந்தபோது ஒரு சைஸுக்குக் கைத்துண்டுகளே இல்லை. முன்பக்கம் இருந்தது, பின்பக்கம் இருந்தது, கைகள் மட்டும் இல்லை. அச்சான காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதன் கடைசிப் பகுதி வெறுமையாக நின்றிருந்தது. கட்டிங் மாஸ்டர் கோடுகள் நின்ற இடத்தில் மார்க்கர் முடிந்துவிட்டது என்று எண்ணி அந்த நீளத்துக்கே துணியை விரித்து வெட்டியிருந்தார். மிச்சமிருந்த துணி வேறு லாட்டில் சாயம் போட்டது. அதில் கை வெட்டித் தைத்துப் பார்த்தார்கள். ட்யூப் லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தபோது கைகள் மட்டும் ஒரு சாயல் வெளுத்திருந்தன. வாங்குகிறவர்கள் அந்த சைஸை ஏற்கவில்லை.

மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சேவூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஃபைல் வந்துருச்சான்னு நீங்க பாத்தீங்களா, இல்லீங்களா?"

"பாத்தனுங்க. அந்தப் பேரு அங்க இருந்துச்சுங்க."

"முழுசா இருந்துச்சுங்களா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதுன்னு சொன்னனுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ அனுப்புனியா அம்மிணி?"

"அனுப்புனேன் சார்" என்றேன்.

நான் அனுப்பியதாகத்தான் நினைத்தேன். அவரை மாட்டிவிட வேண்டும் என்று அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மேனேஜருக்குக் கேள்வி எதுவும் மிச்சமில்லை. அனுப்பியது சரி, வந்ததும் சரி, அப்படியானால் அங்கே பிளாட்டரில் ஏதோ குளறுபடி செய்துவிட்டார்கள் என்று ஆயிற்று. அந்த வாரமே அந்த அக்காவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, தைத்த துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் மேஜைக்கு மாற்றினார்கள். எனக்கும் அவர் மேல் வருத்தம்தான். கொஞ்சம் கவனமாகப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அவர் இடத்துக்கு வந்த ஆள் போனை எடுக்கமாட்டார். எடுத்தாலும் "இருக்கும் இருக்கும்" என்று வைத்துவிடுவார். இருக்குமா, இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் அந்தச் சிறிய ஸ்கிரிப்டை எழுதத் தொடங்கினேன்.

ஸ்கிரிப்ட் என்பது, நாம் தட்ட வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு ஃபைலில் வைத்துவிடுவது. கூப்பிட்டால் அது நமக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்யும். லினக்ஸுக்குள்ளேயே ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கப் பக்கங்கள் இருந்தன. அவற்றை அச்செடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். இங்கிருந்தே சேவூர்க் கம்ப்யூட்டருக்குள் நுழைய ssh. ஒரு ஃபைல் இருக்கிறதா என்று கேட்க test -f. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால், கேள்வி அங்கே போய்க் கேட்கப்பட்டு, பதில் இங்கே வந்துவிடும்.

அந்த test என்கிற கட்டளை வாய் திறந்து எதுவும் சொல்லாது. ஓர் எண்ணை மட்டும் விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் இருக்கிறது, ஒன்று என்றால் இல்லை. பூஜ்யத்துக்கு 'இருக்கிறது' என்று அர்த்தம் என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பழகிய பிறகு அதுதான் இயல்பு என்று தோன்றியது. குறை ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம்.

அந்த எண்ணைப் பார்த்து, திரையில் irukku என்றோ illai என்றோ எழுதும்படி வைத்தேன். தமிழ் எழுத்து அந்தக் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும் என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒரு நாள் இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் லைனே இல்லாதபோதும் அது illai என்றது. அனுப்பியிருந்த ஃபைலையே நான் மறுபடி அனுப்பப் பார்த்தேன். அப்புறம்தான் விளக்கப் பக்கத்தில் இன்னொரு எண் இருப்பதைக் கண்டேன். அந்தக் கம்ப்யூட்டரை எட்டவே முடியாவிட்டால் இருநூற்று ஐம்பத்தைந்து வரும். இல்லை என்பது வேறு, போய்க் கேட்கவே முடியவில்லை என்பது வேறு. அதற்கு theriyala என்று ஒரு மூன்றாவது பதில் எழுதினேன்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது தானாக ஓடும்படி வைத்ததும் என் பகல்கள் மறுபடியும் மெதுவாயின. ஏ.சி. சத்தத்தில் அரைக்கண் மூடியிருக்கும்போது அந்தக் கேள்வி சேவூருக்குப் போவதைப் பார்ப்பதுபோல் இருக்கும். மாடிப்படி இறங்கி, சாயப்பட்டறை வாசம் வீசும் சந்துகளைக் கடந்து, திருமுருகன்பூண்டியில் கல்லுளிச் சத்தத்துக்கு நடுவே நுழைந்து, அவிநாசியில் திரும்பி, சோளக்காட்டு வழியாக அந்தப் பச்சை ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வரும். கண்ணைத் திறந்தால் irukku என்று எழுதியிருக்கும். ஆனால் மயில் சத்தம் இல்லை. நாற்காலி இழுபடும் சத்தம் இல்லை. அவர் குரல் நின்றுபோனது சில நாட்களில் மட்டும் உறைக்கும்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு மதியம் பெரிய மார்க்கர் ஒன்றை அனுப்பத் தொடங்கினேன். பல சைஸ்கள், கனமான ஃபைல், லைனும் மந்தம். இன்னும் பாதிகூடப் போயிருக்காது. திரையில் பக்கத்து ஜன்னலில் ஸ்கிரிப்ட் தன் நேரத்துக்கு ஓடி, அந்த ஃபைலின் பெயரை எழுதி, எதிரே irukku என்றது.

நான் அனுப்பும் ஜன்னலைப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பது என்று காட்டியது. ஸ்கிரிப்டைக் கையால் ஒரு தடவை ஓட்டினேன். irukku. அனுப்புவது முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது.

முதலில் பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே இருப்பது அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேருகிறது. நடுவில் லைன் அறுந்தால் பெயர் அங்கேயே இருக்கும். இருக்கிறதா என்று யார் கேட்டாலும், ஆமாம், இருக்கிறது.

டம்ளர்த் தண்ணீரில் வட்டங்கள் வந்துகொண்டிருந்தன. நான் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்று பிறகு பக்கத்து மேஜைப் பெண் சொன்னாள்.

சேவூர்க் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் அழிப்பதில்லை. உள்ளே போய் அந்த மஞ்சள் டி-ஷர்ட் ஃபைலைத் தேடினேன். கிடைத்தது. என்னிடம் இருந்த மூல ஃபைலின் அளவையும் அதன் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அங்கிருந்தது சின்னது. அது கடைசியாக எழுதப்பட்ட நேரமும் எதிரே இருந்தது. நான் சாப்பிடப் போயிருந்த நேரம். அப்போது நினைவுக்கு வந்தது. அன்று சாப்பிடும்போது கரண்ட் போய் வந்தது; கம்ப்யூட்டர் பேட்டரியில் நிற்கும், லைன் மட்டும் அறுந்துவிடும். கேன்டீனில் மின்விசிறி நின்று, எல்லோரும் தட்டால் விசிறிக்கொண்டோம். நான் மேலே வந்தபோது கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி இருந்தது. தூக்கக் கலக்கம். படிக்காமலே அந்த ஜன்னலை மூடிவிட்டுப் போனை எடுத்தேன்.

அவர் சொன்னது உண்மை. அரைகுறையாக அனுப்பியது நான். கேள்வியைத் தப்பாகக் கேட்டதும் நான்.

அதை உடனே யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாட்கள் சும்மா இருந்தேன். செய்த ஒரே காரியம், ஸ்கிரிப்டைத் திருத்தியது. ஃபைல் போகும்போது வேறொரு தற்காலிகப் பெயரில் போகும். போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் அளவை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மட்டும் உண்மையான பெயர் வைக்கும். அதற்குப் பிறகு irukku என்றால் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வரியாக எழுதும்போதும் அவர் ஸ்பீக்கரில் பதில் சொல்லாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் காதில் இருந்துகொண்டே இருந்தது. அண்ணன் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி உடம்புக்கு என்ன என்று கேட்டபோது வெயில் என்றேன்.

ஐந்தாம் நாள் மேனேஜரிடம் போனேன். துணிச் சாம்பிள் அட்டைகளைப் புரட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"அந்த மஞ்சள் டி-ஷர்ட்ல தப்பு சேவூர்ல இல்ல சார். என் பக்கத்துல. ஃபைல் பாதியில நின்னுட்டு. நான் பாக்காம விட்டுட்டேன்."

அட்டையிலிருந்து நிமிர்ந்தார். "மூணு மாசம் ஆச்சேம்மிணி. இப்ப எதுக்குங்க அதைக் கிளர்றது?"

"அந்தக்காவ செக்கிங்க்கு மாத்திட்டாங்க சார்."

கொஞ்சம் யோசித்தார். "எழுதிக் குடு. பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். சேவூர்க் கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும், நேரில் போய்வருகிறேன் என்று கேட்டேன். சரி என்றார். நான் எதற்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பஸ் ஏறினேன். மேகமூட்டம். பூண்டியில் சாலையோரம் பாதி செதுக்கிய சிலைகள் நின்றன. உடம்பு முடிந்து, முகம் இன்னும் கல்லாகவே இருந்தது. கல்தூசி படிந்த புங்கமரங்களுக்கு அடியில் ஆட்கள் குந்தி உட்கார்ந்து உளியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் கேள்வி தினமும் இந்த வழியில்தான் போகிறது என்று நான் கற்பனை செய்த சாலை. இப்போது நானே அதில் போகிறேன். கனவில் அடிக்கடி வரும் ஒரு தெருவுக்குள் உண்மையிலேயே நுழைந்துவிட்டதுபோல் உடம்பு லேசாக இருந்தது. அவிநாசியில் பஸ் மாறினேன். சேவூரில் இறங்கும்போது தூறல்.

யூனிட் என்பது நீளமான ஒரு தகரக் கொட்டகை. பச்சை ஜன்னல் எதுவும் இல்லை. சோளக்காடு மட்டும் இருந்தது, அதுவும் அறுத்துத் தட்டை அடுக்கியிருந்தது. உள்ளே ட்யூப் லைட்டுகளுக்குக் கீழே நீள மேஜை. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று உள்ளங்கையால் துணியைத் தடவித் தடவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்பது என்று நின்றேன்.

"ஆருங்க வேணும்?"

அந்தக் குரல். திரும்பினேன். ஒல்லியாக, உயரமாக, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கனகாம்பரம் இல்லை. மூக்கில் கண்ணாடி.

"அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஆனால் அவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

"அட, கண்ணுங்களா?" என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "நானு நீங்க ரொம்பப் பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க. சின்னப் புள்ளையாட்ட இருக்கறீங்."

கொட்டகையின் ஓரத்தில் துணிக் கட்டுகள் மேல் உட்கார்ந்தோம். வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் உதவவில்லை. கரண்ட் போனதிலிருந்து சொன்னேன். படிக்காமல் மூடிய ஜன்னலைச் சொன்னேன். மேனேஜரிடம் 'அனுப்புனேன்' என்று சொன்னதைச் சொன்னேன்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. பேரு இருந்துச்சு. நான்தான் பாதிய அனுப்பிட்டு, இருக்கான்னு கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அதுக்கு அப்பறம் போட்டதுங்க கண்ணு" என்றார். "கண்ணு செரியாத் தெரியாமத்தான் தப்பாப் பாத்துட்டனோன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போனனுங்க. டாக்டரு, பவரு ரொம்பக் கம்மியாத்தான் இருக்குது, போட்டாலும் போடலாம், போடாட்டியும் போச்சாதுன்னாங்க. நாந்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. போனில் ஒரு வருடம் கேட்ட அதே சத்தம், இப்போது தலைக்கு மேலேயே.

கொஞ்சம் கழித்து, "அதை எனக்குக் காட்டுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் அறைக்குப் போனோம். அங்கே இருந்த ஆள் எழுந்து இடம் கொடுத்தார். திரையில் இரண்டு வரிகளை வரவைத்தேன். மேலே என்னுடைய ஃபைலின் அளவு, கீழே இங்கே வந்து சேர்ந்ததன் அளவு. அவர் கண்ணாடியைப் போடாமலே குனிந்து ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் படித்தார். அப்புறம் கீழே இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இத்தனதான் வந்துச்சுங்களா."

"இவ்வளவுதான்க்கா."

"இதை மாஸ்டருகிட்டயும் சொல்லோணுங்க" என்றார். கேட்டுக்கொள்வது போலத்தான் சொன்னார். ஆனால் நான் சொல்லாமல் அவர் என்னை விடமாட்டார் என்று தெரிந்தது.

கட்டிங் மாஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர். மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மாஸ்டர் கத்தரிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"காயிதம் மொட்டையா நின்னப்ப நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல" என்றார். "கேக்கலையே." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "மனசுல வச்சுக்காதம்மா" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் செக்கிங் மேஜைக்குத் திரும்பி நடக்கும்போது அவர் நடை மாறியிருந்ததாக எனக்குத் தோன்றியது. நான் அப்படிப் பார்க்க விரும்பியிருக்கலாம்.

மதியம் அவர் தூக்குப்போசியிலிருந்து கம்பஞ்சோறும் கீரைக் கடைசலும் பகிர்ந்து சாப்பிட்டோம். சாப்பாட்டு இடைவேளையில் அறை காலியாக இருந்தபோது, ஸ்கிரிப்ட் எப்படிக் கேட்கிறது என்று சொல்லச் சொன்னார். பூஜ்யம் என்றால் இருக்கிறது என்றதும் சிரித்தார். மூன்றாவது பதில் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"தெரீலீன்னு சொல்லறதுக்குங்கூட ஒரு நம்பரு வெச்சிருக்கறாங்ளா" என்றார். "நல்லதுங்க."

இங்கிருந்து என் கம்ப்யூட்டருக்குள் வந்து, என் திரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும் கட்டளை ஒன்றும் இருந்தது. அதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் கம்ப்யூட்டரில் இருந்த ஆள் திருப்பூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அக்காவை மறுபடி அங்கே போட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தால் நடந்ததா, வேறு ஆள் கிடைக்காததால் நடந்ததா, எனக்குத் தெரியாது. மேனேஜர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆர்டர்கள் குறைந்த காலம் வரும்வரை, இன்னும் இரண்டு வருடம் நாங்கள் அப்படியே வேலை பார்த்தோம். ஃபைல் இருக்கிறதா என்பதை ஸ்கிரிப்ட் சொல்லிவிடும் என்பதால் போன் செய்ய அவசியம் இல்லை. ஆனாலும் நாளுக்கு ஒரு தடவை செய்தேன்.

"கண்ணாடியக் கழட்டிடலாமேக்கா" என்று ஒரு நாள் சொன்னேன்.

"பழகிருச்சுங்க கண்ணு. ஊட்டுல எல்லாரும் இதுதான் நல்லாருக்குதுங்கறாங்."

அவர் மறுபடி கம்ப்யூட்டருக்கு வந்த முதல் வாரத்தில், ஒரு மதியம். சாப்பாடு முடிந்து அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே திருப்பூர் முழுக்க வெயில். மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணிகள் அசையாமல் தொங்கின. கறுப்புத் திரையில், நான் எதுவும் தட்டாமலே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியது தெரியும்படி ஒரு வரி வந்து நின்றது.

mazhai varudhunga kannu

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். வெயில்தான் இருந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும், அவிநாசிப் பக்கம் வானம் கருக்கத் தொடங்கியது. எதிர் மாடியில் ஒரு பெண் அவசரமாக வந்து துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.